அழுகல் வேறு, கன்றல் வேறு

1998ஆம் ஆண்டு ஆயுதபூஜைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மதுரை யானைக்கல் பக்கம் ஒரு வாழைக்காய் மண்டியில் புகையறைக் கதவைத் திறந்தார்கள். உள்ளே எங்கள் தோட்டத்துப் பூவன் தார்கள் 120 அடுக்கியிருந்தன. மூட்டம் போட்டு மூன்று நாள் ஆகியிருந்ததால் அவை மஞ்சள் பூத்திருக்க வேண்டும். ஆனால் ஈரக்கையில் விபூதியைக் குழைத்துப் பூசியதுபோல மங்கிப்போய் இருந்தன. அழுகவில்லை, ஈ மொய்க்கவில்லை, நாற்றம் இல்லை. பழ வாசனையும் இல்லை. எனக்கு அப்போது 12 வயது. அப்பா உள்ளே போய் ஒரு சீப்பைத் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

சோழவந்தான் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். அந்த வருடம் தார்களெல்லாம் ஒரே சமயத்தில் முற்றி, பூஜைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே வெட்டும் பதத்துக்கு வந்துவிட்டன. அப்போதே விற்றால் பாதி விலைகூடக் கிடைக்காது. புளியும் மிளகாய் வற்றலும் வைக்கிற ஒரு குளிர்பதனக் கிடங்கில் சில நாள் போட்டு எடுத்தால் பூஜைச் சந்தைக்குச் சரியாக வரும் என்று யாரோ யோசனை சொல்ல, அப்பா கேட்டுக்கொண்டார். கிடங்கிலிருந்து எடுத்த அன்று காய்கள் வெட்டிய நாளில் இருந்ததுபோலவே பச்சையாக, விறைப்பாக இருந்தன. லாரி ஓட்டி வந்தவர்கூட "நேற்று வெட்டிய காய் மாதிரி இருக்கிறதே" என்றார். கேடு அப்போதே உள்ளே நடந்து முடிந்திருந்தது. வெளியே தெரிவதற்கு அதற்குச் சூடு வேண்டியிருந்தது. அந்தச் சூட்டைப் புகையறை கொடுத்தது.

மண்டிக்காரர் வயதானவர். ஒரு காயைப் பிய்த்து எடுத்து, காம்பு முனையில் கத்தியை வைத்து, மேல்தோலை மட்டும் மெல்லிய நாடாவாக உரித்தார். அதைத் தெருவெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பச்சைத் தோலுக்கு அடியில், நீளவாக்கில், நூல் நூலாகக் காப்பி நிறக் கோடுகள் ஓடின.

"தம்பி, இது அழுகல் இல்லை, கன்றல். குளிரில் காய் கன்றிப்போய்விட்டது. இனி எத்தனை மூட்டம் போட்டாலும் இது ஒழுங்காகப் பழுக்காது" என்றார் அப்பாவிடம்.

அழுகல், கன்றல் என்ற அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைத்தான் பின்னாளில் நான் பல ஆண்டுகள் ஆய்வகத்தில் உட்கார்ந்து படித்தேன். அழுகல் வெளியிலிருந்து வருவது. பூஞ்சையோ பாக்டீரியாவோ காய்க்குள் புகுந்து தின்பது. கன்றலில் எந்தக் கிருமியும் கிடையாது. குளிரோ வெப்பமோ காற்றுக் குறைவோ தாங்காமல் காயின் செல்களுக்குள்ளேயே ஏதோ குலைந்துபோவது அது. பாடப்புத்தகங்கள் இவற்றை நோய் என்றும் கோளாறு என்றும் இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மண்டியில் அதற்கு ஒரு கத்தியும் ஒரு நாடா தோலும் போதுமாயிருந்தது.

வெட்டிய தாரைச் செத்த பொருளாக நினைப்பதிலிருந்துதான் எல்லாத் தவறும் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றும். மரத்திலிருந்து பிரிந்தாலும் காய் மூச்சு விடுகிறது. தன்னிடமுள்ள மாவைச் சர்க்கரையாக்குகிறது, வெப்பத்தை வெளியிடுகிறது, எத்திலீன் என்ற வாயுவை உண்டாக்கி அந்த வாயுவுக்குத் தானே பதில் சொல்லிப் பழுக்கிறது. மூட்டத்துப் புகையில் இருப்பதும் கொஞ்சம் எத்திலீன்தான். குளிரில் வைப்பது இந்த மூச்சை மெதுவாக்கத்தான். ஆனால் வாழைக்கு அதில் ஓர் எல்லை உண்டு. பச்சை வாழைக்காயை 13, 14 டிகிரி செல்சியஸில் வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். தேனிப் பக்கமிருந்து கப்பல் ஏறும் ஜி-9 என்ற கேவண்டிஷ் இன வாழையும் அந்த அளவில்தான் போகிறது. 13-க்குக் கீழே இறங்கினால், எவ்வளவு கீழே, எத்தனை நாள் என்பதைப் பொறுத்துக் காய் கன்றத் தொடங்கும். கிடங்கின் கதவருகே இருந்த முள் 8-ல் நின்றதாக அப்பா பின்னாளில் நினைவுபடுத்திச் சொன்னார். புளிக்கும் வற்றலுக்கும் அது பொருத்தமான குளிர்தான்.

அந்த 8 டிகிரியில் காய்க்குள் என்ன நடக்கிறது? மார்கழிக் காலையில் நம் வீட்டு அலமாரியில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் உறையாமல் இருக்கும். இரண்டும் எண்ணெய்தான், கொழுப்பின் சேர்மானம் வேறு. செல்லைச் சுற்றியும், செல்லுக்குள் அறை அறையாகவும் இருக்கிற சவ்வுகளும் கொழுப்பால் ஆனவை. வெப்ப நாட்டுச் செடியின் சவ்வு குளிரில் தன் நெகிழ்வை இழந்து விறைக்கிறது, அதில் பதிந்திருக்கிற புரதங்களின் வேலை தடுமாறுகிறது என்று லயன்ஸ், ரெய்சன் என்ற இருவர் 1970-இல் விளக்கினார்கள். கதை அதோடு முடியவில்லை என்பது பிறகு தெரிந்தது. செல்லின் ஆற்றல் உலை சமநிலை தவறி, தீங்கான ஆக்சிஜன் வடிவங்கள் பெருகி, அவை சவ்வை மேலும் அரிக்கின்றன. என்றாலும் தேங்காய் எண்ணெய் உதாரணத்தை நான் இன்னும் விடவில்லை. தொடக்கத்தைப் புரிந்துகொள்ள அதைவிடத் தெளிவான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் காப்பி நிறக் கோடுகளுக்கு வருகிறேன். வாழைத்தோலில் டோபமைன் நிறைய இருக்கிறது. மூளையில் வேலை செய்கிறதே, அதே டோபமைன்தான். அது செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பை போன்ற அறையில் அடைபட்டிருக்கிறது. அதைக் கறுக்க வைக்கும் நொதியான பாலிஃபீனால் ஆக்சிடேஸ், பச்சையம் இருக்கும் சிற்றறைகளில் தனியாக இருக்கிறது. இரண்டும் ஒரே செல்லுக்குள், சுவர் வைத்துப் பிரித்த இரு பங்காளிகள் போல. சவ்வு கிழிந்தால் இரண்டும் கலக்கும், ஆக்சிஜன் சேரும், பழுப்பு நிறம் பிறக்கும். நறுக்கிய வாழைக்காய் மோர்த்தண்ணீரில் போடாவிட்டால் கறுக்கிறதே, அதே வேலைதான் இங்கே கத்தி படாமல் நடக்கிறது.

கல்லூரி முடித்து, மதுரையிலேயே ஒரு ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: தோலில் கோடு தெரியும் முன்பே காயின் புரதங்களில் என்ன மாறுகிறது? மரபணு என்பது வீட்டிலிருக்கும் சமையல் புத்தகம். இன்றைக்கு அடுப்பில் என்ன ஏறியிருக்கிறது என்பதைச் சொல்வது புரதம். ஒரு திசுவில் ஒரு வேளையில் இருக்கிற புரதங்கள் அனைத்தையும் சேர்த்து 'புரோட்டியோம்' என்கிறார்கள். அந்தச் சொல் பிறந்தது 1994-இல்தான். குளிரில் வைத்த காய், வைக்காத காய் இரண்டின் புரோட்டியோமையும் ஒப்பிட்டால், காய் எதைச் சமாளிக்கப் பார்த்தது, எங்கே தோற்றது என்று படித்துவிடலாம் என்பது நம்பிக்கை.

நம்பிக்கைக்கும், புரதங்களைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் காட்டும் முதல் நல்ல ஜெல்லுக்கும் நடுவே எனக்கு ஒன்பது மாதம் ஆனது. வாழைத்தோலில் புரதம் மிகக் குறைவு. சர்க்கரை, மாவு, பெக்டின் என்ற செல்சுவர்ப் பசை, காய்ப்பால், துவர்ப்புப் பொருள்கள் ஆகியவை அளவுக்கு மீறி இருக்கின்றன. தோலைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து உரலில் இடித்தால் பச்சை மாவு போல அழகாக வரும். கரைசலை ஊற்றியதும், கண்ணெதிரே, நான் அளவுக்குழாயைக் கையில் எடுப்பதற்குள், அது கடுங்காப்பியாக மாறிவிடும். நான் ஆராய வந்த கோளாறே என் குழாய்க்குள் நடந்துகொண்டிருந்தது. சவ்வைக் குளிர் கிழித்தால் என்ன, உலக்கை கிழித்தால் என்ன, டோபமைனும் நொதியும் சந்தித்துவிடுகின்றன. அப்படிக் கறுத்த பொருள் புரதங்களோடு ஒட்டிக்கொண்டால் பிறகு எதையும் பிரிக்க முடியாது. கடைசியில் கைகொடுத்தது ஃபீனால் முறை. 1986-இல் ஹர்க்மன், தனகா என்ற இருவர் எழுதி வைத்தது. புரதங்கள் ஃபீனாலுக்குள் போய்விடும், சர்க்கரையும் மாவும் தண்ணீரில் நின்றுவிடும். ஃபீனால் கையில் பட்டால் தோல் வெந்துபோகும், வீச்சம் உடையிலிருந்து போகாது. ஆனால் முதல் தடவையாக வெள்ளை வெளேரென்று ஒரு துளிப் படிவு குழாயின் அடியில் உட்கார்ந்தபோது, அதை நான் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது இருபரிமாண ஜெல். ஓஃபாரல் 1975-இல் வகுத்த முறை. முதலில் ஒரு மெல்லிய பட்டையில் புரதங்களை மின்னேற்றத்தின்படி வரிசையாக ஓடவிட வேண்டும். ஒவ்வொன்றும் தன் மின்னேற்றம் சமனாகும் இடத்தில் போய் நின்றுவிடும். பிறகு அந்தப் பட்டையை ஒரு சதுர ஜெல்லின் தலைப்பில் வைத்து, மேலிருந்து கீழாக எடையின்படி பிரிக்க வேண்டும். கடைசியாகச் சாயம். கூமாஸி நீலம் என்று பெயர்; முதலில் கம்பளி நூலுக்கு ஏற்றுவதற்காக உண்டான சாயம் அது. இரவு முழுக்கச் சாயத்தில் ஊறிய ஜெல்லைக் காலையில் அலசும்போது, பின்புல நீலம் கரைந்து போய், புள்ளிகள் மட்டும் மெல்ல மேலெழுந்து வரும். முதல் நாள் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது மதுரைச் சுங்குடிதான். முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, காய்ந்த பின் முடிச்சைப் பிரிக்கும்போது புள்ளி புள்ளியாய்த் திறக்குமே, அதே மாதிரி. சில புள்ளிகள் பருத்து, சில ஊசிமுனையாய், சில பக்கத்திலிருந்ததோடு ஒட்டிக்கொண்டு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு புரதம், அல்லது ஒன்றோடொன்று ஒளிந்திருக்கும் இரண்டு மூன்று.

இரண்டு ஜெல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெரும்பாலான புள்ளிகள் அசையாமல் நிற்கும். சில பருத்திருக்கும், சில மங்கியிருக்கும், ஓரிரண்டு காணாமல் போயிருக்கும். மாறிய புள்ளியைச் சிறு துண்டாக வெட்டி எடுத்து, டிரிப்சின் என்ற நொதியால் அரிந்து, துண்டுகளை நிறைமானியில் எடைபோட வேண்டும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறை உடைக்காமல் ஆவியாக்கி எடைபோடும் வழியைக் காட்டியதற்காக 2002-இல் ஜான் ஃபென்னுக்கும் கொய்ச்சி தனகாவுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை அடுத்துத்தான் வெட்டும். அதனால் துண்டுகளின் எடைப் பட்டியலே ஒரு கைரேகை. ஆனால் கைரேகையை ஒப்பிட ஒரு பதிவேடு வேண்டுமே. 2011 வரை வாழைக்கு முழுப் பதிவேடு இல்லை. நெல்லோடும் அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியோடும் ஒப்பிட்டு, கிட்டத்தட்ட பொருந்துகிறதா என்று தேடிக்கொண்டிருந்தோம். 2012-இல் வாழையின் மரபணுத் தொகுதி வெளியானதும், பெயர் தெரியாமல் ஒதுக்கி வைத்திருந்த எடைப் பட்டியல்களை எடுத்து மறுபடியும் தேடச் சொன்னேன். சிலவற்றுக்குப் பெயர் கிடைத்தது. சிலவற்றுக்கு அப்போதும் இல்லை.

ஏன் என்பது நம் ஊர் வாழைகளைப் பற்றிய சங்கதி. 2012-இல் படித்தது மூசா அக்யுமினாட்டா என்ற காட்டு மூதாதையின் தொகுதி, 'ஏ' என்று குறிப்பது. நாம் தின்னும் இந்த வாழைகளின் செல்லில் தொகுதி மூன்று படிகளாக இருக்கும். ஜி-9, செவ்வாழை போன்றவற்றில் மூன்று படியும் ஏ. ஆனால் பூவன், ரஸ்தாளி, சிறுமலைப் பழம் எல்லாம் ஏ-ஏ-பி, கற்பூரவல்லி ஏ-பி-பி. அந்த 'பி', மூசா பால்பிசியானா என்ற இன்னொரு மூதாதையின் பங்கு. அதன் முழுத் தொகுதி 2019-இல்தான் வெளியானது. அதுவரை பூவனின் புரதங்களில் ஒரு பங்கு பாதிப் பெயரோடுதான் இருந்தது. உலகச் சந்தைக்குப் போகிற வாழை ஒன்றுதான், அதற்கே ஆராய்ச்சியில் பெரும்பங்கு கிடைக்கிறது. நம் தெருவில் விற்கும் எட்டு வகை வாழையும் ஒரே குளிரை ஒரே மாதிரி தாங்குவதில்லை என்பது எந்த மண்டியில் கேட்டாலும் தெரியும். அந்த வேறுபாட்டின் மூலம் எந்தப் புரதத்தில் இருக்கிறது என்பதை நாம்தான் தேட வேண்டும். வேறு யாருக்கும் அந்த அவசரம் கிடையாது.

குளிரில் வாடிய பழங்களின் புரதங்களைப் பற்றி வந்த ஆய்வுகளில், பழம் எதுவானாலும், சில கூட்டங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்: மற்றப் புரதங்கள் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போகாமல் தாங்கிப் பிடிப்பவை. ஆக்சிஜன் நஞ்சை அடக்கும் நொதிகள்: சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், அஸ்கார்பேட் பெராக்சிடேஸ். ஆற்றல் உண்டாக்கும் நொதிகள். செல்சுவரைத் தளர்த்தும் நொதிகள். இந்தப் பட்டியலைப் பார்த்து எனக்கு முதலில் மகிழ்ச்சி, பிறகு சந்தேகம். வறட்சியிலும் உப்பிலும் நோயிலும் ஏறக்குறைய இதே பெயர்கள்தான் வருகின்றன. வீட்டில் யாருக்கு என்ன நேர்ந்தாலும் முதலில் ஓடி வருகிற அதே நான்கு உறவினர்களைப் போல. அவர்கள் வந்ததை வைத்து ஏதோ நேர்ந்திருக்கிறது என்று சொல்லலாம். என்ன நேர்ந்தது என்று சொல்ல முடியாது. அளவில் மிகுந்த புரதங்களே ஜெல்லில் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதும் இதற்கு ஒரு காரணம். சவ்வில் பதிந்த புரதங்கள் கரைசலில் இறங்க மறுத்து, ஜெல்லுக்கே வருவதில்லை. கோளாறு தொடங்குவதாக நாம் சந்தேகப்படும் இடமே சவ்வுதான் என்பதை நினைத்தால், இது சின்னக் குறை இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கறுக்கவைக்கும் அந்த நொதியின் அளவு ஜெல்லில் மாறாமல் இருந்தால் அதற்குக் கோளாறில் பங்கில்லை என்று எழுதிவிடத் தோன்றும். அது தவறு. நொதி முன்பே தோலில் இருக்கிறது. புதிதாக ஒரு துளிகூட உண்டாக வேண்டியதில்லை. அது டோபமைனைச் சந்தித்தால் போதும். புள்ளியின் பருமன் அளவைச் சொல்லும், இருப்பிடத்தைச் சொல்லாது. இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கும். கன்றிக் கறுத்த தோலையும் நல்ல தோலையும் ஒப்பிட்டு நூறு வேறுபாடு காட்டுவது எளிது. தீப்பிடித்து எரிந்த வீட்டையும் எரியாத வீட்டையும் ஒப்பிட்டாலும் நூறு வேறுபாடு கிடைக்கும், தீ எங்கே பிடித்தது என்பது மட்டும் கிடைக்காது. அதனால் என் வழிகாட்டி முதல் நாளிலிருந்து பிடிவாதமாகச் சொன்னார்: கோடு விழும் முன்பு பார், மணிக்கணக்கில் பார், குளிரில் வைத்தும் கன்றாத காயையும் சேர்த்துப் பார். தோலில் ஒன்றுமே தெரியாத முதல் இரண்டு நாள் மாதிரிகள்தான் என் உறைபெட்டியில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

புரதத்துக்கும் கோளாறுக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு சுத்தமாகக் காட்டிய வேறு சோதனையை நான் அறியேன் என்று சொல்லத்தக்க ஒன்று தக்காளியில் நடந்தது. இஸ்ரேல் ஆய்வாளர்கள் 1990-களில் செய்தது. பச்சைத் தக்காளியை நேரே 2 டிகிரியில் வைத்தால் கன்றிவிடும். அதையே முதலில் 38 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்து, பிறகு குளிரில் வைத்தால் கன்றுவதில்லை. சூட்டில் உண்டான வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் குளிரிலும் கலையாமல் நிற்கின்றன. இதுவரை இது வெறும் தொடர்புதான். அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். சூடேற்றிய தக்காளியைக் குளிருக்கு அனுப்பாமல் சாதாரண வெப்பநிலையில் சில நாள் காத்திருக்க வைத்தார்கள். புரதங்கள் கலைந்து போயின. பிறகு குளிரில் வைத்தபோது அந்தத் தக்காளி பழையபடி கன்றியது. புரதம் இருந்தவரை தாங்கியது, புரதம் போனதும் தாங்கும் சக்தியும் போனது. வாழையிலும் இதே திசையில் தாய்லாந்து ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். 42 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் முக்கி எடுத்த பழத்தின் தோல், குளிரில் கறுப்பது தள்ளிப்போனது. 42 டிகிரி என்பது கை பொறுக்கிற சூடு. எங்கள் வீட்டு வெந்நீர்த் தவலையிலேயே செய்துவிடலாம். இந்த எளிமைதான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது. கோடி ரூபாய்க் கருவி கண்டு சொல்வதை ஒரு விவசாயி தண்ணீர்த் தொட்டியை வைத்துச் செய்ய முடிகிறது.

எல்லாப் பழமும் ஒரே மாதிரி குலைவதில்லை. பீச் பழத்தில் நிலைமை தலைகீழ். சில டிகிரிக் குளிரில் வாரக்கணக்கில் வைத்த பீச் வெளியே அழகாக இருக்கும். கடித்தால் சாறே இராது, வாயில் பஞ்சு மாதிரி. அங்கே ஒரு நொதி தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, அதோடு கூட வரவேண்டிய பாலிகேலக்டுரோனேஸ் என்ற நொதி குளிரால் வராமல் போகிறது. அரைகுறையாக வெட்டப்பட்ட பெக்டின் பழத்தின் சாற்றையெல்லாம் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. அங்கே ஜெல்லில் தேடவேண்டியது இல்லாத புள்ளியை. பெல்ஜியத்தில் கான்ஃபரன்ஸ் என்ற பேரிக்காயின் நடுப்பகுதி கிடங்கில் பழுப்பாகிக் குழிவிழும் கோளாறையும் இதே புரத முறையில் படித்தார்கள். அங்கே குளிரைவிடக் காற்றுதான் காரணம்: ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு மிகுந்தால் காய்க்குள் மூச்சு முட்டிப்போகிறது.

மாம்பழத்தில் அல்போன்சாவுக்கு வருகிற பஞ்சுச் சதை இன்னும் விசித்திரம். தோல் பொன்னாக இருக்கும், அறுத்தால் கொட்டையை ஒட்டி வெளுத்துப் புளித்த சதை. பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இதைக் கொட்டை முளைக்கத் தொடங்குவதோடு தொடர்புபடுத்தினார்கள். பழத்துக்குள்ளிருக்கும் விதை தன் காலம் வந்துவிட்டதென்று சுற்றியுள்ள சதையை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. இதைப் படித்த நாளில் எனக்குக் கோளாறு என்ற சொல்லின் மேலேயே கொஞ்சம் தயக்கம் வந்தது. விதைக்கு அது கோளாறில்லையே.

நம் மதுரையில் குளிரைவிட வெப்பம்தான் தினசரிப் பிரச்சினை. அதற்கும் ஓர் உதாரணம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கேவண்டிஷ் இன வாழைக்கு நம் ஊரில் பச்சைப்பழம் என்றே பெயர். சதை குழைந்து இனித்தாலும் தோல் பச்சையாகவே நிற்கும். 24 டிகிரிக்கு மேல் பழுக்கும்போது அந்த இனத்தின் தோலில் பச்சையம் முழுதாகச் சிதைவதில்லை. மதுரைக் கோடையில் இரவில்கூட வெப்பநிலை 24-க்குக் கீழே இறங்குவது அரிது. அதே காயை 16 முதல் 18 டிகிரி வரை உள்ள அறையில் எத்திலீன் கொடுத்துப் பழுக்கவைத்தால் மஞ்சள் மஞ்சளாக வரும். ஏற்றுமதிக்காரர் அதைக் கோளாறு என்று ஒதுக்குவார். நாம் தலைமுறையாக அதை வாங்கித் தின்று கொண்டிருக்கிறோம். சுவையில் ஒரு குறையும் கண்டதில்லை. தோலைப் பார்த்துப் பழத்தை மதிக்கும் பழக்கம் வளர வளர, மஞ்சளுக்காகக் கார்பைடு கல்லை வைக்கும் குற்றமும் வளர்ந்தது. அது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. தடை இருந்தும் சோதனைகளில் இன்னும் பிடிபடுகிறது என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

1998-இல் அந்த 120 தாரும் மாட்டுத் தீவனமாகப் போயின. கிடங்கு வாடகை, லாரி வாடகை, கூலி எல்லாம் அப்பா கொடுத்தார். கிடங்கில் ஒருவரும் வாழைக்கு எத்தனை டிகிரி என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அப்பாவுக்கும் தெரியாது. இதை நான் குற்றமாக யார் தலையிலும் ஏற்றவில்லை. ஆனால் இன்றைக்கும் கிராமத்துக்குப் போனால், குளிர் என்றால் ஒரே குளிர் என்று நினைத்துக் காயை அனுப்பத் துணிகிறவர்களைப் பார்க்கிறேன். கொய்யா, மா, தக்காளி, கத்தரி, வெண்டை, வாழை எதுவும் திராட்சையையோ ஆப்பிளையோ போலக் குளிரைத் தாங்காது. ஆளுக்கு ஓர் எல்லை. அந்த எல்லையைத் தாண்டியதா இல்லையா என்று, தோல் சொல்லும் முன்பே சொல்லக்கூடிய ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து, கர்ப்பச் சோதனைப் பட்டை மாதிரி மலிவான ஒரு பட்டையில் மண்டியில் வைத்தே பார்க்க முடிந்தால், கன்றிய சரக்கை லாரி ஏற்றிப் பழுக்கவைத்துப் பிறகு தூக்கியெறியும் செலவாவது மிஞ்சும். அப்படியொரு புரதம், காரணத்தோடு உறுதியாகக் கட்டுண்ட ஒன்று, பூவனுக்கு இன்னும் என் கையில் இல்லை. நான்கைந்து புள்ளிகள் மேல் எனக்குக் கண் இருக்கிறது. அவை அந்த ஓடிவரும் உறவினர்களில் சேர்ந்தவையா, வீட்டுக்குள்ளேயே இருந்து தீயை முதலில் பார்த்தவையா என்று உறுதிசெய்ய இன்னும் வேலை இருக்கிறது.

இந்த வருடமும் தார்கள் பூஜைக்கு முந்திக்கொண்டன. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. போன வாரம் அவரே போன் செய்து, "20 தார் மட்டும் வைத்துப் பார்க்கலாமா? எத்தனை டிகிரி சொல்கிறாய்?" என்று கேட்டார். 14 என்றேன். பக்கத்து ஊரில் பழுக்கவைக்கும் அறை வைத்திருப்பவரிடம் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, என்னுடைய வெப்பமானி ஒன்றையும் உள்ளே தொங்கவிட்டோம். இரண்டாம் நாள் நான் போனபோது அப்பா முன்பே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெப்பமானியில் 13.8 காட்டியது. நடுவரிசைத் தாரிலிருந்து ஒரு காயை எடுத்து, காம்பு முனையில் கத்தியை வைத்து, மேல்தோலை நாடாவாக உரித்து அவரிடம் கொடுத்தேன். அவர் கதவருகே போய், கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் முழுக்கப் பச்சையாக இருந்தது.

"இன்னும் ஆறு நாள் இருக்கிறது" என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினார்.